புள்ளியியல் சோதனைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முறையாகத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்பவர்களின் கோப்புகளைத் திறக்கும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளே மீண்டும் கண்முன் வந்து நிற்கின்றன. இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிட டி-சோதனை, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அனோவா, வகைவாரியான எண்ணிக்கைகளுக்குக் கை-வர்க்கச் சோதனை என்பதை எந்தப் பாடநூலும் சொல்லிவிடும். ஆகவே அவற்றைத் தாண்டிச் செல்கிறேன்.

அளவீடுகளை எண்ணிவிட்டு அலகுகளை மறப்பது

இந்த ஒரு தவறு என்னுடைய ஒரு பருவத்து உழைப்பை விழுங்கியது. ஆறு தொட்டிகளில் செடி வளர்த்து, அவற்றுள் மூன்றுக்கு மட்டும் உரமிட்டு, தொட்டிக்கு 20 வீதம் 120 இலைகளின் நீளத்தை அளந்தேன். குழுவுக்கு 60 அளவீடுகள் என்று கொண்டு டி-சோதனை செய்தபோது, வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே வரியில் கேட்டார்: "உரம் இட்டது இலைக்கா, தொட்டிக்கா?"

ஒரே தொட்டியின் இலைகள் ஒரே மண்ணிலும் ஒரே வெளிச்சத்திலும் வளர்வதால் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒட்டுறவு (முழுதும் ஒத்திருந்தால் 1) 0.5 என்றால், 120 இலைகள் தரும் தகவல் தொடர்பற்ற ஏறத்தாழ 11 இலைகள் தருவதற்கே சமம். தொட்டிகளையே அலகாக, அதாவது ஒரு சான்றாக எண்ண வேண்டிய பொருளாகக் கொண்டால், டி-அட்டவணையில் பார்க்க வேண்டிய வரிசை (மொத்த அலகுகளிலிருந்து இரண்டைக் கழித்த எண்) 118இலிருந்து 4ஆக இறங்கி, வேறுபாடு தற்செயலல்ல என்று சொல்ல டி தாண்ட வேண்டிய 5 விழுக்காட்டு எல்லை மதிப்பு 1.98இலிருந்து 2.78ஆக உயர்கிறது. தொட்டிவாரியாகச் சராசரி கண்டு அந்த ஆறு எண்களை ஒப்பிடுவதோ, தொட்டியைச் சமவாய்ப்பு விளைவாகக் கொண்ட, அதாவது தொட்டிக்குத் தொட்டி உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுக்கும், கலப்பு மாதிரியைப் பயன்படுத்துவதோதான் முறை. இன்னும் நூறு இலைகளை அளந்து ஈடுகட்டிவிடலாம் என்று வாதிடுபவர்களிடம் இப்போதும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கூட்ட வேண்டியது தொட்டிகளை. மென்பொருளும் எச்சரிக்காது, 120 வரிகளைக் கொடுத்தால் 120 சான்றுகள் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

ஒருவரையே முன்னும் பின்னும் அளந்திருந்தால்

இணை டி-சோதனை: ஒவ்வொருவரின் முன்–பின் வேறுபாட்டையே அது சோதிக்கிறது.

விழுக்காடுகளைக் கை-வர்க்கச் சோதனையில் இடுவது

30 விழுக்காட்டையும் 50 விழுக்காட்டையும் ஒப்பிடுவதாகக் கொள்வோம். குழுவுக்கு 20 பேர் என்றால் கை-வர்க்க மதிப்பு 1.67, 100 பேர் என்றால் 8.33. தாண்ட வேண்டிய 5 விழுக்காட்டு எல்லை 3.84 என்பதால், விழுக்காட்டையே எண்ணிக்கையாக இட்டவர் தம்மிடம் இல்லாத நூறு பேரைக் கொண்டு முடிவெடுக்கிறார்.

மாறுபாடுகள் சமமா என்று முதலில் சோதிப்பது

வேண்டாம். குழுக்களின் சிதறல் சமம் என்று கொள்ளாத டி-சோதனையான வெல்ச் சோதனைக்கு நேராகச் செல்லுங்கள்.

பரவல் கோணலாக இருந்ததும் மான்–விட்னிக்குத் தாவுவது

மதிப்புகளைத் தரவரிசைப்படுத்தி ஒப்பிடும் அந்தச் சோதனைக்குத் தாவுவதில் பிழையில்லை. ஆனால், இரு பரவல்களின் வடிவமும் ஒன்றாக இருந்தாலொழிய, அதன் முடிவை இடைநிலை அளவுகளின் வேறுபாடு என்று எழுதக் கூடாது.

பலவற்றைச் சோதித்து ஒன்றை மட்டும் எழுதுவது

எங்குமே வேறுபாடு இல்லாதபோதும், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளில் ஒன்றின் பி-மதிப்பாவது (வேறுபாடே இல்லாதபோது இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே விழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இருபதையும் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எல்லையை 0.05 ÷ 20 = 0.0025ஆக வைத்துக்கொள்ளுங்கள்.