மேல் ஸ்தாயியில் முதல் டிரம்பெட் வாசிப்பவர் மவுத்பீஸ் தேர்ந்தெடுக்கும் முறை

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பேண்டு செட்டின் முதல் டிரம்பெட்காரருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ தேர்பவனிக்கு முன்னால் நடக்கும்போது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனங்காடு, பின்னால் பேஸ் டிரம். பாட்டு கடைசி வரிசை வரை கேட்க வேண்டுமானால் அவர் அதை ஒரு ஸ்தாயி மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். அதற்கு உதவும் மவுத்பீஸ் (டிரம்பெட்டின் முனையில் மாட்டி, உதட்டை வைத்து ஊதும் சிறு உலோகத் துண்டு) எது என்று இளைஞர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் பதில் ஒன்றே: கடையில் முதல் ஐந்து நிமிடத்தில் மிக உயர்ந்த சுரத்தைத் தருவதை வாங்காதீர்கள், மூன்றாவது மணி நேரத்திலும் அதே சுரத்தை அதே சுருதியில் தருவதை வாங்குங்கள்.

நாகஸ்வரக்காரர்கள் வாத்தியத்திலேயே நான்கைந்து சீவாளிகளை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளை) கட்டித் தொங்கவிட்டு, ஒன்று சரியில்லையென்றால் அடுத்ததை மாட்டிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். டிரம்பெட்டுக்குச் சீவாளி நம் உதடுதான்; மவுத்பீஸ் அந்தச் சீவாளி உட்காரும் இடம் மட்டுமே. சீவாளியை மாற்ற முடியாத வாத்தியத்தில், அதன் இருக்கையை மாற்றினால் ஒலியின் நிறமும் களைப்பின் வேகமும் மாறுமே தவிர, இல்லாத சுரம் புதிதாகப் பிறந்துவிடாது. எனவே இப்போது கையில் இருக்கும் மவுத்பீஸில் ஐந்து கோட்டுக்கு மேலே அமரும் ஜி சுத்தமாக, அழுத்தாமல், பத்து முறை கேட்டால் பத்து முறையும் வராதவர் இன்னும் சில மாதம் நீள்சுரப் பயிற்சி செய்வதே பணத்துக்கும் நல்லது, உதட்டுக்கும் நல்லது. அதற்கு மேலே, இரண்டு துணைக்கோடு போட்டு எழுதும் சி வரை தாராளமாகப் போய்வந்து, ஆனால் பாதி ஊர்வலத்திலேயே களைத்துப்போகிறவருக்குத்தான் இந்தக் கட்டுரை பயன்படும்.

முதலில் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுபவர்கள் அதிகம். பாக், யமஹா, ஷில்கி என்பவை மவுத்பீஸ் செய்யும் நிறுவனங்கள். புது டிரம்பெட்டோடு பெரும்பாலும் வருவது பாக் 7சி, அல்லது அதற்கு நெருக்கமான யமஹா 11பி4. பாக் முறையில் எண் பெரிதாகப் பெரிதாகக் கிண்ணத்தின், அதாவது உதடு பதியும் குழிவின், உள்விட்டம் சிறிதாகும். யமஹா, ஷில்கி முறைகளில் எண் பெரிதானால் விட்டமும் பெரிதாகும். எழுத்தும் அப்படியே தலைகீழ்: பாக்கில் ஏ மிக ஆழமான கிண்ணம், இ, எஃப் என்று போகப்போக ஆழம் குறையும், யமஹாவில் ஏ ஆழமற்றது, இ ஆழமானது. மேல் ஸ்தாயிக்காரர்கள் அடிக்கடி பெயர் சொல்லும் 14ஏ4ஏ என்பதைப் பிரித்தால், 14 என்பது விட்டம், முதல் ஏ ஆழமற்ற கிண்ணம், 4 ஓரளவு தட்டையான விளிம்பு, கடைசி ஏ குறுகிய பின்துளை (கிண்ணத்தின் அடித்துளையைத் தாண்டிக் காற்று வெளியேறும் வழி). இந்த மாதிரி 11பி4ஐ விட அகலமானது என்பதைக் கவனிக்க வேண்டும். உயர்ந்த சுரத்துக்குச் சின்ன மவுத்பீஸ்தான் வேண்டும் என்று நம் பக்கத்தில் வழங்கும் பேச்சு ஆழத்தையும் அகலத்தையும் குழப்பிக்கொண்டதால் வந்தது.

அகலத்தை உங்கள் உதட்டின் தடிப்பும் பல்வரிசையும்தான் தீர்மானிக்கும். பாக்கின் பட்டியலின்படி 7சிக்கும் 3சிக்கும் உள்விட்ட வேறுபாடு 0.1 மில்லிமீட்டர்தான் (16.20, 16.30), என்றாலும் உதடு அதை உடனே உணர்ந்துவிடும். பழகிய விட்டத்தை விட்டு அதிகம் விலகாமல், முதலில் ஆழத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதே முறை. இரண்டையும் ஒருசேர மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

ஆழம்தான் இந்த விஷயத்தின் உயிர். கிண்ணத்தின் கொள்ளளவு குறையும்போது ஒலியில் மேல் அனுசுரங்கள் (வாசிக்கும் சுரத்தோடு சேர்ந்து எழும் நுண்ணிய மேல் சுரங்கள்) ஓங்கி, கூர்மையும் பளபளப்பும் கூடுகின்றன. குறைந்த உழைப்பில் ஒலி தூரம் பாய்கிறது. இதைக் காதாலேயே சோதிக்கலாம்: மவுத்பீஸைத் தனியே எடுத்து, கிண்ணத்தின் வாயை உள்ளங்கையில் தட்டினால் 'டொப்' என்று ஓர் ஒலி எழும். தொண்டை (கிண்ணத்தின் அடியில் உள்ள துளை) அளவு ஒன்றாக இருக்கும் இரண்டைத் தட்டிப் பார்த்தால், ஆழமற்றது எழுப்பும் டொப் மேல் சுருதியில் இருக்கும். ஆனால் இதற்கு விலை உண்டு. கீழ்ஸ்தாயி மெலிந்து அடைத்ததுபோல் ஒலிக்கும். மேல் சுரங்கள் சுருதி ஏறும். அதைவிட முக்கியமானது, கிண்ணத்துக்குள் நீளும் உதடு அடியைத் தொட்டுவிட்டால் அதிர்வு அந்தக் கணமே நின்றுபோகும்.

இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஜூலை மாதம், கச்சான் காற்று மணலை வாரி வீசிய இரவில், புதிதாக வாங்கிய மிக ஆழமற்ற மவுத்பீஸோடு தேருக்கு முன்னால் நடந்தேன். விற்றவர் "இதைப் போட்டால் ஹை நோட் தானாக வரும்" என்றார். முதல் மணி நேரம் உண்மையிலேயே வந்தது. மூன்றாவது தெரு திரும்பும்போது மேல் சியை எடுக்கப்போய், காற்று மட்டும் சீறியது; ஒலி இல்லை. இன்னும் அழுத்தினேன், அடுத்த சுரமும் போயிற்று. பேண்டு மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே, "தம்பி, பழசை மாட்டு" என்றார். நடந்தது இதுதான்: மணிக்கணக்கில் வாசித்தால் உதடு வீங்கும், வீங்கிய உதடு கிண்ணத்துக்குள் இன்னும் நீளும், காலையில் எட்டாமல் இருந்த அடி இரவில் எட்டிவிடும். ஆகவே மவுத்பீஸைக் களைத்த உதட்டில் சோதிக்காமல் வாங்குவது, கரையில் நிற்கும் வள்ளத்தைப் பார்த்து அது அலைக்குத் தாங்கும் என்று சொல்வதற்குச் சமம்.

விளிம்பைப் பொறுத்தவரை, அகலமும் தட்டையும் கூடினால் அழுத்தம் பரவி நீண்ட நேரம் தாங்கலாம், ஆனால் சுரம் விட்டுச் சுரம் தாவும் லாவகம் சற்றுக் குறையும். உள்விளிம்பு கூராக இருந்தால் சுரத்தின் தொடக்கம் துல்லியமாக வரும், ஆனால் உதட்டை வெட்டும். நடந்துகொண்டே வாசிக்கும் நமக்கு ஒவ்வோர் அடியும் வாத்தியத்தை உதட்டில் இடிக்கும் என்பதால், மிகக் கூரான விளிம்பை நான் பரிந்துரைப்பதில்லை. அழுத்தியே உயரம் தேடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் புண்பட்ட உதடுகளே சாட்சி.

தொண்டைத் துளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பாக்கின் வழக்கமான துளை 3.66 மில்லிமீட்டர். ஆழமற்ற கிண்ணத்தோடு மிகக் குறுகிய தொண்டையும் மிகக் குறுகிய பின்துளையும் சேர்ந்தால் காற்று முட்டிக்கொள்ளும். மூன்றில் ஒன்றையாவது நடுத்தரமாக விட்டுவைப்பது நல்லது.

பலரும் பார்க்காமல் விடுவது தண்டின், அதாவது வாத்தியத்துக்குள் நுழையும் பகுதியின், பொருத்தம். டிரம்பெட்டைப் போன்ற குட்டை வாத்தியமான கார்னெட்டின் மவுத்பீஸ் தண்டு டிரம்பெட்டினுடையதைவிடச் சிறியது. மாற்றி மாட்டினால் ஆடும். நம் பேண்டு செட்டுகளில் கைமாறி வந்த பழைய வாத்தியங்கள் நிறைய இருப்பதால், தண்டு நுழையும் வாய் தேய்ந்து, நல்ல மவுத்பீஸ்கூட அளவுக்கு மீறி உள்ளே போய்விடுவதுண்டு. தண்டு சுமார் 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் வீதம் தடிப்பதால், நோட்டுத்தாளின் ஒரு சுற்றே அதை நான்கு மில்லிமீட்டர் அளவு வெளியே தள்ளிவிடும். எனவே டிஷ்யூ தாளைப் போன்ற மெல்லிய தாளில் ஒரு துண்டைச் சுற்றி மாட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டிருந்த மேல் ஏ அதன் இடத்தில் பட்டென்று உட்கார்ந்தால், குறை மவுத்பீஸில் இல்லை, பொருத்தத்தில் இருந்தது என்று பொருள், செலவு மிச்சம்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். நண்பரிடமிருந்து இரவல் வாங்கியாவது, பழையதிலேயே ஒரு மணி நேரம் வாசித்து உதட்டைக் களைக்க வைத்தபின் புதியதை மாட்டுங்கள். அறைக்குள் வேண்டாம், கடற்கரைக்குப் போங்கள், ஒருவரை ஐம்பது அடி தள்ளி நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள், ஏனெனில் வாசிப்பவர் காதுக்குக் கூர்மையாகத் தோன்றுவது தள்ளி நிற்பவருக்குச் சில சமயம் கீச்சென்று மட்டுமே கேட்கும். கைப்பேசியின் டியூனரில் நடு ஜி, மேல் ஜி, மேல் சி மூன்றையும் பாருங்கள். மேலே போகப்போக முள் சீராக ஏறினால் டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுக்கும் குழாயை) சற்று இழுத்துச் சமாளிக்க முடிகிறதா என்று பாருங்கள். பின்பு ஒரு மெதுவான மாதா பாட்டைக் கீழ்ஸ்தாயியில் வாசியுங்கள். அதுவும் பாட்டாகவே ஒலித்தால் இரண்டு வாரம் வைத்துக்கொண்டு பழகலாம். ரிஷி வேலி பள்ளியில் 1960களின் இறுதியில் கற்பித்த, உயர்ந்த சுரங்களுக்குப் பேர்போன டிரம்பெட் கலைஞர் மேனார்ட் ஃபெர்குசனைப் போன்றவர்களின் மாதிரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவருடைய பற்கள் அவருக்கு.

வாங்கும்போது முலாமையும் பாருங்கள். விளிம்பில் வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் உப்புக்காற்றில் அது சீக்கிரம் பச்சை பிடிக்கும், உதட்டிலும் அரிக்கும். ஒவ்வொரு கச்சேரிக்குப் பின்னும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, உள்ளே சிறு தூரிகையை விட்டு எடுத்து, உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். பழைய 7சியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். திருப்பலிப் பாடல்களுக்கும், வீங்கிய உதட்டோடு கடைசித் தெரு திரும்பும் நேரத்துக்கும் அது சட்டைப்பையில் இருக்கட்டும்.