உடைந்த வளையலில் ஒரு பறவை: நேக் சந்த் வழியில் முதல் சிற்பம்

கண்ணாடி வளையல் உடைந்தால் பெருக்கி அள்ளிக் குப்பையில் போடுகிறோம். சண்டிகர் பாறைத் தோட்டத்தில் அதே துண்டுகள் பெண் சிலைகளின் உடையாக மின்னுகின்றன. அவற்றைச் செய்தவர் நேக் சந்த், பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். கட்டடக் கலைஞர் லே கார்பூசியேயின் திட்டப்படி சண்டிகர் புது நகரமாக எழும்பியபோது அதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. அங்கே கிடந்த உடைந்த ஓடுகளையும் பீங்கானையும் சைக்கிளில் ஏற்றிவந்து, கட்டடம் எதுவும் எழக் கூடாது என்று ஒதுக்கியிருந்த காட்டுப் பகுதியில் சேர்த்தார். 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறக்குறைய 18 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் வேலை செய்தார். அரசு கண்டுபிடித்தபோது இடிபட்டிருக்க வேண்டிய இடம் அது. மக்கள் ஆதரவால் தப்பி, 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அவருக்குச் சம்பளமும் 50 தொழிலாளர்களும் கிடைத்தார்கள்.

அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: முதலில் சேர்க்க வேண்டும், என்ன செய்வது என்று பிறகு யோசிக்கலாம். சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவைக்கம்பி அவர் கையில் காலானது, சைக்கிள் இருக்கை விலங்கின் தலையானது. அந்த வடிவம் அந்தப் பொருளிலேயே இருந்தது.

ஒரு சாண் உயரப் பறவையிலிருந்து தொடங்குவோம்.

சேர்ப்பது

அரைக் கிலோவுக்குக் குறையாமல் கண்ணாடி வளையல் துண்டுகள் வேண்டும். வளையல் கடையில் கேட்டுப் பாருங்கள். அட்டைப் பெட்டியின் அடியில் உடைந்தவை எப்போதும் கிடக்கும், கேட்டால் மகிழ்ச்சியாகவே கொடுப்பார்கள். புது வளையலை வாங்கி உடைக்காதீர்கள். அப்படிச் செய்தால் நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். கிடைத்ததை வைத்துச் செய்யும்போதுதான், பச்சை நிறையக் கிடைத்தால் கிளி, கருநீலம் கிடைத்தால் மயில் என்று வேலை தானாக ஒரு வழிக்கு வரும். பிளாஸ்டிக் வளையல் வேண்டாம், சிமெண்டில் பிடிக்காது.

துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, நிறவாரியாகப் பழைய டப்பாக்களில் பிரித்து வையுங்கள். நீளமானவற்றைத் தடித்த துணியில் சுற்றி, குறடால் மெல்ல அழுத்தினால் விரல் கணு அளவுக்கு உடையும். பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. முனைகளை ஈரமான உப்புத்தாளில் இரண்டு மூன்று முறை தேயுங்கள். ஈரம் இருந்தால்தான் கண்ணாடித் தூள் பறக்காது. சிலையைத் தொட்டுப் பார்க்காத குழந்தை கிடையாது. அதனால் இந்த வேலையில் அவசரம் கூடாது.

எலும்புக்கூடு

இரண்டு தடித்த இரும்புக் கம்பிகள் காலாகும். ஒரு பழைய பெயிண்ட் டப்பா மூடியில் சிமெண்ட் கலவையும் கல்லும் நிரப்பி, கம்பிகளை அதில் நட்டு ஒரு நாள் விடுங்கள். நான் முதலில் செய்த பறவைக்கு வெறும் கட்டுக்கம்பியில் கால் வைத்தேன். இரண்டாம் பூச்சு ஏறியதும் எடை தாங்காமல் முன்பக்கமாகச் சாய்ந்து கழுத்தில் விரிசல் விழுந்துவிட்டது. கால் உறுதியாக இருக்கட்டும்.

உடலுக்குக் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையை உருட்டி, உள்ளே நசுக்கிய பிளாஸ்டிக் பாட்டிலைத் திணித்து, கட்டுக்கம்பியால் காலோடு இறுக்கிக் கட்டுங்கள். கழுத்தும் வாலும் இந்தக் கட்டத்திலேயே சரியாக வந்துவிட வேண்டும். பூச்சில் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால் பறவை பருத்துக்கொண்டே போகும்.

முதல் பூச்சு

ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் கசியக் கூடாது. வலையின் கண்களுக்குள் புகுமாறு அழுத்திப் பூசி, ஈரமாக இருக்கும்போதே ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். அடுத்த பூச்சு அந்தக் கீறலைத்தான் பிடித்துக்கொள்ளும். ஈரச் சாக்கால் மூடி ஒரு நாள் வையுங்கள்.

பதிப்பது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. முதல் பூச்சின் மேல் தண்ணீர் தெளித்து, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் அரை விரல் கனத்துக்குக் கலவை பூசுங்கள். அரை மணி நேரத்தில் தீரும் அளவுக்கே கலவை போடுங்கள். வெயில் நாளில் அதற்குள்ளேயே இறுகத் தொடங்கும்.

வாலிலிருந்து தலையை நோக்கிப் போங்கள், இறகு அடுக்கு அப்படித்தான் விழும். வளையல் துண்டின் வளைவைக் கவனியுங்கள். முதுகின் உருட்சியோடு அது சேர்ந்து போகும் இடத்தில் சட்டென்று உட்காரும். எதிராக வைத்தால் இரு முனையும் துருத்தி நிற்கும். ஒவ்வொரு துண்டும் பாதிக்கு மேல் கலவைக்குள் புதைய வேண்டும். அழுத்தும்போது இரு பக்கமும் சிமெண்ட் லேசாகப் பிதுங்கினால் போதும். துண்டுகளுக்கிடையே நெல்மணி அகலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். கழுத்தில் துண்டைச் சிறிதாக்குங்கள். கண்ணுக்குப் பீங்கான் கோப்பையின் உடைந்த சில்லு ஒன்று, வெள்ளையாக.

பதித்து ஒரு மணி நேரம் கழித்து, பிழிந்த ஸ்பாஞ்சால் மேலோட்டமாகத் துடையுங்கள். முன்னதாகத் துடைத்தால் துண்டு நகரும். மறுநாள் என்று விட்டால் கண்ணாடியின் மேல் சாம்பல் படலம் இறுகிவிடும்.

ஊறவைப்பது

சாக்கைச் சுற்றி, ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள். நிழலில் வையுங்கள். எட்டாம் நாள் சாக்கை அவிழ்த்துக் கழுவி, காலை வெயில் பக்கவாட்டில் விழும் இடமாகப் பார்த்து வையுங்கள். உச்சி வெயிலில் கண்ணாடி மங்கித் தெரியும், சாய்ந்த வெயிலில்தான் ஒவ்வொரு துண்டும் தனியாக ஒளிரும்.