சின்ன நாடு உலகத்தில் நல்ல பெயர் எடுப்பது எப்படி? மொரீசியஸிலிருந்து சில யோசனைகள்

சென்னையில் யாரிடமாவது மொரீசியஸ் என்று சொல்லிப் பாருங்கள். கல்யாணமான புதிதில் போக ஆசைப்பட்ட ஊர் என்பார் ஒருவர். பக்கத்தில் ஒரு ஆடிட்டர் இருந்தால், "ஓ, வரிக்குத் தப்பப் பணம் சுற்றி வருமே, அந்த ஊரா?" என்று சிரிப்பார். இரண்டுமே எங்கள் நாடுதான், இரண்டு பெயருமே சும்மா வந்தவை அல்ல. கடற்கரையை நாங்கள் பல வருடம் விளம்பரம் செய்தோம். இந்தியாவோடு 1980களின் தொடக்கத்தில் போட்ட இரட்டை வரி ஒப்பந்தத்தையும் (ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி போடாமல் இருக்கச் செய்தது) நன்றாகவே பயன்படுத்திக்கொண்டோம். அந்த ஒப்பந்தத்தை 2016இல் திருத்தி, 2017 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கும் இந்தியப் பங்குகளை விற்று வரும் லாபத்துக்கு இந்தியாவே வரி போடலாம் என்றான பிறகும், ஆடிட்டரின் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

ஆகவே வளரும் நாடு ஒன்று "இமேஜை உயர்த்தப் போகிறோம்" என்று மொத்தமாகக் கிளம்பினால் பாதிப் பணம் வீண். முதல் வேலை, யாரிடம் என்ன பெயர் இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிவைப்பது. வெளிநாட்டு வங்கிக்காரர், சுற்றுலாப் பயணி, பக்கத்து நாட்டுக்காரர், உங்கள் ஊரில் கூலி வேலைக்கு வந்து திரும்பிப் போனவர், இவர்கள் நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். இதற்குப் பெரிய கம்பெனி தேவையில்லை. தூதரகங்களில் இருப்பவர்கள் வாரம் ஒரு நாள் அந்த நாட்டுப் பத்திரிகைகளில் தங்கள் நாட்டைப் பற்றி வந்ததைப் படித்து, அதை மழுப்பாமல் தலைநகரத்துக்கு எழுதினாலே பாதி தெரிந்துவிடும். ஆனால் மழுப்பாமல் எழுதுவதுதான் கஷ்டம், மேலே இருப்பவருக்குக் கசப்பைச் சொல்ல யாருக்கும் ஆசையில்லை.

லோகோ, கோஷம், பாட்டு எல்லாம் கடைசியில். ருவாண்டாவைப் பாருங்கள். 2008இலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தார்கள், தலைநகர் கிகாலி சுத்தமான நகரம் என்று பெயர் வாங்கியது, 2018 ஜனவரியிலிருந்து எந்த நாட்டுக்காரரும் போய் இறங்கிய இடத்திலேயே விசா வாங்கலாம் என்றார்கள். அதே 2018இல்தான் இங்கிலாந்தின் ஆர்சனல் கால்பந்து அணியின் சட்டைக் கையில் 'விசிட் ருவாண்டா' ஏறியது. வேலை முதலில் நடந்ததால் விளம்பரம் எடுபட்டது. ஆனால் கிழக்கு காங்கோவில் கிளர்ச்சியாளர்களுக்கு ருவாண்டா உதவுகிறது என்ற குற்றச்சாட்டோடு சண்டை முற்றியபோது, 2025இல் காங்கோ அரசு ஆர்சனல் போன்ற கால்பந்து அணிகளுக்கே கடிதம் எழுதி ஒப்பந்தத்தை முறிக்கச் சொன்னது. காசு கொடுத்து வாங்கிய சட்டைக் கை, கேள்வி கேட்பவர்களுக்கும் வசதியான இடமாகிவிட்டது.

பி.ஆர். (மக்கள் தொடர்பு) கம்பெனி வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் வாயை அவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது. பெல் பாட்டிங்கர் என்று லண்டனில் ஒரு பெரிய நிறுவனம். தென்னாப்பிரிக்காவில் குப்தா என்ற தொழிலதிபர் குடும்பத்தின் கம்பெனிக்காக இனப் பகையைக் கிளறும் பிரச்சாரம் செய்தது வெளியே வந்து, 2017 செப்டம்பரில் பி.ஆர். நிறுவனங்களின் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டு, அதே மாதம் திவாலாகிப் போனது. அவர்களை அமர்த்தியவர்களின் பெயரும் சேர்ந்தே கெட்டது.

சரி, உண்மையான கெட்ட பெயர் இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் எங்கள் அனுபவம் உதவும். 2020 பிப்ரவரியில் எஃப்.ஏ.டி.எஃப். எனப்படும் பணமோசடித் தடுப்பு அமைப்பு மொரீசியஸைச் சாம்பல் பட்டியலில், அதாவது குறைகளுக்காகக் கூடுதலாகக் கண்காணிக்கும் நாடுகளின் பட்டியலில், போட்டது. அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியமும் தன் அபாயப் பட்டியலில் சேர்த்தது. எபீன் என்ற எங்கள் தொழில் நகரத்தில் ஆஃபீஸ் வைத்திருக்கும் நிதிக் கம்பெனிகளுக்கு வயிற்றில் புளி கரைந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அங்கேதான் வேலை. முதல் சில வாரம் இங்கே கேட்ட பேச்சு என்ன தெரியுமா? "பெரிய நாடுகள் செய்யும் சதி, லண்டனில் நடக்காததா இங்கே நடக்கிறது?" அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு ஒரு வங்கிப் பரிமாற்றத்தைக்கூட வேகப்படுத்த முடியாது.

உதவியது வேறு. பட்டியலில் போடும்போதே எஃப்.ஏ.டி.எஃப்.காரர்கள் என்னென்ன குறை என்று வரிசையாக எழுதிக் கொடுப்பார்கள்: கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்ற விவரம் அதிகாரிகளுக்கு உடனே கிடைக்க வேண்டும், மேற்பார்வை பலமாக வேண்டும், புலனாய்வு செய்பவர்களுக்குத் திறமை வேண்டும், இப்படி. அந்தத் தாளையே வேலைத்திட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. அவர்கள் வருடத்துக்கு மூன்று முறை கூடுவார்கள். ஒவ்வொரு முறையும் முடிந்ததைக் காகிதத்தோடு காட்டுங்கள், முடியாததை முடியவில்லை என்றே சொல்லுங்கள். கடைசியில் ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். 2021 அக்டோபரில் மொரீசியஸ் வெளியே வந்தது, 2022 தொடக்கத்தில் ஐரோப்பாவும் பெயரை எடுத்தது. 2018 ஜூனில் அதே பட்டியலில் ஏறிய பாகிஸ்தான் இறங்க 2022 அக்டோபர் ஆயிற்று. வெளியே வந்த செய்தியை ஊரெல்லாம் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். உள்ளே போனது எல்லாப் பத்திரிகையிலும் வரும், வெளியே வந்தது எங்கேயோ மூலையில்தான் வரும்.

அடுத்தது கெட்ட நாள். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் எங்கள் தென்கிழக்குக் கரையில் புவாந்த் தெஸ்னி பவளப்பாறையில் ஏறி நின்றது. ஜப்பான்காரர்களின் கப்பல், பனாமா கொடி. ஆகஸ்ட் 6ஆம் தேதிதான் எண்ணெய் கசியத் தொடங்கியது, கடலில் கலந்தது ஏறக்குறைய 1000 டன். இடையில் 12 நாள். அந்த நாட்களில் கிடைத்த தகவல் போதவில்லை என்பது எங்களில் பலருடைய எண்ணம், ஆகஸ்ட் 29 அன்று தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் இறங்கிய ஆயிரக்கணக்கானோரைக் கேட்டால் இன்னும் காட்டமாகச் சொல்வார்கள். ஆனால் உலகம் அப்போது பார்த்தது இன்னொன்றையும்: மாஹேபூர் பக்கத்து ஜனங்கள் கரும்புச் சோகையைத் துணிப்பையில் அடைத்து, காலி பாட்டில்களைக் கட்டி, எண்ணெயைத் தடுக்க மிதவை செய்தார்கள். அந்தப் படங்கள்தான் எங்கள் மானத்தைக் காப்பாற்றின. எந்த ஏஜென்சியும் தயாரித்தவை அல்ல.

இதிலிருந்து செய்யக்கூடியது: விபத்து, வெள்ளம், ஊழல், எதுவானாலும் முதல் நாளே ஒரே ஒருவர், தினமும் ஒரே நேரத்தில், தெரிந்ததைச் சொல்லட்டும். வெளிநாட்டு நிருபர் வந்தால் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் காட்டாததை மீனவர் தன் போனில் காட்டத்தான் போகிறார். முக்கியமாக, வாயை அடைக்காதீர்கள். 2024 நவம்பர் 10 தேர்தலுக்கு முன், ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் என்று சொல்லப்பட்ட பதிவுகள் பரவியபோது இங்கே சமூக ஊடகங்களையே முடக்க உத்தரவு போட்டார்கள். ஓரிரு நாள்கூடத் தாங்கவில்லை, திரும்பப் பெற்றார்கள். ஆனால் ஆப்பிரிக்காவின் முன்மாதிரி ஜனநாயகம் என்று எங்களைப் பற்றி எழுதிவந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு வேறு தலைப்பு போட்டார்கள். பல வருட உழைப்பு, ஒரு உத்தரவு.

தரவரிசைப் பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. உலக வங்கியின் தொழில் செய்ய உகந்த நாடுகள் பட்டியலில் 2020இல் நாங்கள் 13ஆவது. மேடைதோறும் சொன்னோம். 2021 செப்டம்பரில் தரவுக் குளறுபடி காரணமாக உலக வங்கி அந்தப் பட்டியலையே மூடிவிட்டது. எண்ணுக்காகச் சட்டம் திருத்தாதீர்கள், அவ்வளவுதான்.

ஐ.நா.வில் பெயர் எடுப்பது இன்னொரு வழி, இதற்குச் செலவும் குறைவு. பிரிட்டன் பிரித்து வைத்துக்கொண்ட, எங்களுடையவை என்று நாங்கள் கேட்ட சாகோஸ் தீவுகள் விவகாரத்தில் 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்து எங்களுக்குச் சாதகமாக வந்தது. மே 22 அன்று பொதுச் சபையில் பிரிட்டன் அங்கிருந்து வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 116 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு 6 மட்டும். படை இல்லாத நாடு பிரிட்டனுக்கு எதிராக வாங்கிய ஓட்டு அது. வருடக்கணக்காக ஆப்பிரிக்க ஒன்றியத்தில் உட்கார்ந்து, மற்றவர்களின் பிரச்சினைக்கும் கை தூக்கி, சட்டத்தின் பேச்சையே பேசியதால் கிடைத்தது. உங்களுக்கு ஓட்டு தேவைப்படும் வருடத்தில் போய் நட்பு தேடினால் கிடைக்காது.

வீட்டுக்குள் இருக்கும் மரியாதையும் வெளியே தெரியும். எங்கள் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், பிறகு இந்தி. 1998இல் அச்சான நோட்டுகளில் வரிசை மாறியதும் தமிழர்கள் எதிர்த்தார்கள், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு 1999இல் பழைய வரிசையில் புது நோட்டுகள் வந்தன. தண்டச் செலவு என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை தரும் நாடு என்று தமிழ்நாட்டில் சொன்னால் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். சிறுபான்மையை மதிக்கிறோம் என்று பிரசுரம் அடிப்பதற்கு முன்னால் நோட்டையும் லீவு பட்டியலையும் சரி பாருங்கள்.

கடைசியாக, எல்லாரும் விட்டுவிடும் ஒரு கூட்டம்: வேலைக்கு வருபவர்கள். எங்கள் துணி ஆலைகளிலும் கட்டட வேலையிலும் வங்கதேசம், இந்தியா, நேபாளம், மடகாஸ்கர் ஆட்கள் இருக்கிறார்கள். பாரிஸில் பத்து லட்சம் செலவழித்து விளம்பரப் பலகை வைக்கும் நாடு, டாக்காவுக்குத் திரும்பிப் போகும் தையல்காரர் தன் தெருவில் என்ன சொல்வார் என்று யோசிப்பதே இல்லை. அவர் மொழியிலேயே வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட் அவர் கையிலேயே, முதலாளி கண்ணில் படாமல் புகார் சொல்ல ஒரு போன் எண், படுக்க நல்ல இடம். தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர்களைக் கூடுதலாகப் போட்டு, விடுதிகளை முன்னறிவிப்பில்லாமல் பார்க்கச் சொல்லுங்கள், அறிக்கையை இணையத்தில் போடுங்கள். விளம்பர பட்ஜெட்டில் ஒரு பகுதியை வெட்டினால் அதற்குப் பணம் வந்துவிடும்.