கத்தரியில் துளைப்பானைக் கட்டுப்படுத்திய விதம் – என் அனுபவம்

கத்தரி பூவெடுக்கும் நேரத்தில் நுனிக் குருத்துகள் தலை தொங்கத் தொடங்கின. மண்ணில் ஈரம் இருந்தது, வேரிலும் குறையில்லை. வாடிய குருத்து ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தேன். குடைந்த தண்டுக்குள், எச்சத்துக்கு நடுவே, வெளிர் ரோஜா நிறப் புழு ஒன்று நெளிந்தது. தண்டு, காய்த் துளைப்பான்!

காய் பிடித்தபின் இந்தப் புழு காம்பை ஒட்டிய பச்சைப் புல்லிக்கு அடியில் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதே அரிது. ஆகவே குருத்திலேயே பிடிக்க முடிவு செய்தேன். காலையில் தண்ணீர் பாய்ச்சும்போதே வாடிய நுனிகளைத் துளைக்குக் கீழே நறுக்கி, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். ஓட்டை விழுந்த காய்களையும் அப்படியே. வரப்பில் எறிந்தால் அத்தனை பாடும் வீண். புழு வெளியேறிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும்.

வேப்பங்கொட்டைப் பருப்பு அரை கிலோவை இடித்து, துணியில் கட்டி இரவு ஊறவைத்தேன். பிழிந்த சாற்றைப் 10 லிட்டராக்கி, காதி சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்ததும் தெளித்தேன். இந்தப் புழு வளர்ந்து மாறும் அந்துப்பூச்சி பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில்தான் முட்டையிடும். தெளிப்பு அங்கே நனைய வேண்டும். பெண் அந்தின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்தேன். அதில் ஆண் அந்துகள் விழுந்தன.

நறுக்கிய இடங்களில் பக்கக் கிளைகள் வெடித்துக் காய்த்தன. சொத்தை அடியோடு ஒழியவில்லை, ஆனால் கழித்துப் போடும் காய் வெகுவாகக் குறைந்தது. அறுப்பு முடிந்ததும் பழைய செடிகளை அகற்றிவிட்டு, அந்தப் பாத்தியில் கொத்தவரை ஊன்றியிருக்கிறேன்.