பழைய ஆல்-சதர்ன், ஆல்-எஸ்இசி பட்டியலைப் படிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (நம் ஊர் ஃபுட்பால் இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) வட்டார நட்சத்திர அணி என்று சிறந்த வீரர்களின் பட்டியல் போடுவார்கள்: தென்பகுதிக்கு ஆல்-சதர்ன், எஸ்இசி என்ற தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்புக்கு ஆல்-எஸ்இசி. அப்படி ஒரு பட்டியல் கையில் கிடைத்ததும் எல்லோரும் பெயரைத்தான் தேடுவார்கள். பெயர் இருக்கட்டும், முதலில் வருடத்தைப் பாருங்கள்.

1930களின் பட்டியல் என்றால் முதல் அணியில் 11 பேர்தான் இருப்பார்கள்: முன்வரிசையில் இரண்டு எண்ட், இரண்டு டேக்கிள், இரண்டு கார்டு, ஒரு சென்டர் (எல்லாம் வீரர் நிற்கும் இடத்தின் பெயர்), பின்னால் நான்கு பேர். அன்றைக்குத் தாக்குவதும் தடுப்பதும் அதே ஆட்கள்தான், ஆள் மாற்ற விதி லேசில் விடாது. 1941இல் அந்த விதி தளர்ந்தது, 1953இல் மறுபடி இறுகியது, அறுபதுகளின் நடுவில்தான் ஒரேயடியாக விலகியது. அதனால் 1970இன் பட்டியலில் தாக்குதலுக்கு ஒன்று, தற்காப்புக்கு ஒன்று என்று இரண்டு அணி இருக்கும். 1935இல் முதல் அணியில் இடம்பிடித்த கார்டையும் 1975இன் கார்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், வேலையே வேறு.

அடுத்து, தேர்ந்தெடுத்தது யார்? இந்த அணிகள் மைதானத்தில் இறங்கி ஆடுவதற்காகப் போட்டவை அல்ல, சீசன் முடிந்ததும் காகிதத்தில் எழுதியவை. எழுதிய கை யாருடையது என்பது முக்கியம். தென்பகுதியில் ஜான் ஹைஸ்மன் பயிற்சியாளராக இருந்துகொண்டே ஆல்-சதர்ன் அணியும் தேர்ந்தெடுத்தார். இன்றைய எஸ்இசியில் பயிற்சியாளர் தன் அணி வீரருக்கே ஓட்டுப் போட முடியாது. சும்மாவா அந்த விதி வந்திருக்கும்! பெயருக்குப் பக்கத்தில் ஏபி-1, யுபிஐ-2 என்று இருந்தால், ஏபி செய்தி நிறுவனம் முதல் அணியிலும் யுபிஐ செய்தி நிறுவனம் இரண்டாம் அணியிலும் வைத்தது என்று அர்த்தம். ஒரு சின்னச் சோதனை: யுபிஐ பிறந்ததே 1958இல், யுபி, ஐஎன்எஸ் என்ற இரண்டு செய்தி நிறுவனங்கள் இணைந்தபோது. 1949க்கு யுபிஐ தேர்வு என்று யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையே கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

வட்டார அணி எதற்கு என்று கேட்டால், 1889இன் முதல் ஆல்-அமெரிக்கா அணியை, அதாவது நாடு முழுவதற்குமான பட்டியலைப் பாருங்கள். பிரின்ஸ்டன் 5, ஹார்வர்டு 3, யேல் 3, அதோடு சரி, மூன்றுமே கிழக்குப் பகுதிக் கல்லூரிகள். (அதில் குவாட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்தும் வீரர், பெயர் எட்கர் ஆலன் போ. எழுத்தாளர் இல்லை, அவருடைய உறவினர்.) மேற்கிலும் தெற்கிலும் ஆடியவர்களை அதில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டியிருந்தது.

அப்புறம், ஆள் கிடைக்கவில்லை என்றால் கல்லூரி அந்த வருடம் எந்தக் கான்ஃபரன்ஸில் (எஸ்இசி போன்ற கல்லூரிக் கூட்டமைப்பில்) இருந்தது என்று பாருங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். டெக்சஸ் எஸ்இசிக்கு வந்தது 2024இல், ஆகவே 1970இன் டெக்சஸ் வீரரை அன்று அது இருந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸின் ஆல்-சவுத்வெஸ்ட் பட்டியலில்தான் தேட வேண்டும். பென் ஸ்டேட் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில் ஆடத் தொடங்கியது 1993இல், அதற்கு முந்தைய வீரருக்குக் கிழக்கு வட்டாரத்தின் ஆல்-ஈஸ்ட் பட்டியல். ஜார்ஜியா டெக் நேரெதிர், 1964இல் எஸ்இசியை விட்டு வெளியேறிவிட்டது.

கடைசியில் வரும் 'ஹானரபிள் மென்ஷன்' (அணியில் இடம் கிடைக்காதவர்களுக்கான கௌரவக் குறிப்பு) வரிசை சில வருடங்களில் முதல் அணியைவிட நீளமாக இருக்கும். அதில் ஒருவர் இருக்கிறார் என்றால் நன்றாக ஆடினார் என்று எடுத்துக்கொள்ளலாம், 'ஆல்-கான்ஃபரன்ஸ் வீரர்' என்று எழுதிவிடாதீர்கள்.