மஞ்சள் நட்டதிலிருந்து மஞ்சள் வேகும் வரை: கொங்குப் பக்கத்துக் காதல் தொடர் எழுதும் முறை

காதல் தொடர் எழுத உட்காருகிறவர்கள் நாயகனின் உயரத்தையும் நாயகியின் கண்ணையும்தான் முதலில் யோசிக்கிறார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் வேண்டியது இருவரையும் சேரவிடாமல் குறுக்கே நிற்கும் தடை. அது பலமாக இருந்தால் நாயகன் சுமாராக இருந்தாலும் கதை ஓடும்.

தடையைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: இருவரும் அரை மணி நேரம் மனம் விட்டுப் பேசினால் இது தீர்ந்துவிடுமா? தீருமென்றால் அதை வைத்து 30 அத்தியாயம் ஓட்ட முடியாது. யாரோ எடுத்த போட்டோ, பாதி கேட்ட பேச்சு, பிளாக் செய்த நம்பர் எல்லாம் இந்த வகைதான். 12ஆவது அத்தியாயத்துக்கு மேல் வாசகருக்கே ‘ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?’ என்று எரிச்சல் வந்துவிடும்.

கொங்கு நாட்டில் நல்ல தடைகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே கிணறு, தண்ணி மொறையில் பத்து வருஷத் தகராறு என்று வையுங்கள். இரண்டு பேரும் எவ்வளவு பேசினாலும் கிணறு ஒன்றுதான். மஞ்சள் வித்தால்தான் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருக்கிறார், விலையோ ஏறவில்லை, மூட்டை குடோனில் இரண்டாவது வருஷமாகக் கிடக்கிறது. இதுவும் தடை. ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலப் பிரிவில், பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை என்பதும் தடைதான். ஆனால் அது கடைசியில் ‘வேற கூட்டமாம்!’ என்று தெரியவந்து தீர்கிற கதைகள் போதும் போதும் என்கிற அளவுக்கு வந்தாகிவிட்டன. சாதி மீறிய காதலைத் தொடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அது உயிர் போகிற விஷயம். 25ஆவது அத்தியாயத்தில் ஒரு பரபரப்புக்காக இழுத்துவந்து, 27இல் பெரியவர் மனம் மாறி ஆசீர்வதித்தார் என்று முடித்தால் பொய்யாகிவிடும். எடுத்தால் முதல் அத்தியாயத்திலிருந்தே அந்தப் பயத்தோடு எழுதுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள்.

தடை கிடைத்த பிறகு கதைக்கு ஒரு காலக் கயிறு கட்ட வேண்டும். ‘நாட்கள் உருண்டோடின’ என்று எழுத வேண்டி வருவதற்குக் காரணம் இந்தக் கயிறு இல்லாததுதான். ஈரோட்டுப் பக்கக் கதைக்கு மஞ்சளை விட நல்ல கயிறு கிடையாது. வைகாசி, ஆனியில் நடவு. முளை தலைகாட்டும் நேரத்தில் ஆடிக் காற்று. அப்புறம் களையெடுப்பு, மண் அணைப்பு. ஒன்பது மாதம் போனால் தழை காய்ந்து படுத்துவிடும். தை, மாசியில் வெட்டு. வெட்டிய மஞ்சளைக் கொப்பரையில் வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயவைத்து, பாலீஷ் போட்டு, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்து ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். 30 அத்தியாயத் தொடருக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. முதல் சந்திப்பை நடவில் வையுங்கள், பிரிவை மண் அணைப்பில், முடிவை வேகவைக்கும் இரவில்.

அந்த இரவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கொப்பரை நுரைத்துப் பொங்கும், வெள்ளை ஆவியோடு மஞ்சள் வாசம் கிளம்பும். வெந்த கிழங்கில் ஈர்க்குச்சியைக் குத்தினால் சுலபமாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேகவில்லை, அதிகம் வெந்தாலோ நிறம் போய்விடும். ஆக, யாராவது ஒருத்தர் விழித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். இரண்டு பேரை ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் உட்காரவைக்க இதை விட நியாயமான காரணம் என்ன வேண்டும்? மழையில் ஒதுங்கினார்கள், பைக் பஞ்சர் ஆனது என்றெல்லாம் தேட வேண்டியதில்லை. இப்போது பல தோட்டங்களில் நீராவியில் வேகவைக்கும் இயந்திரம் வந்துவிட்டதால் கதை எந்த வருஷம் நடக்கிறது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

மற்ற ஊர்களுக்கும் இப்படி ஒவ்வொரு கயிறு உண்டு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆடியில் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போகிற வழக்கம் இருப்பதால், கல்யாணத்துக்குப் பிறகு காதல் வருகிற வகைக் கதைக்கு இந்த ஒரு மாதப் பிரிவு சும்மா கிடைக்கிறது. தை நோம்பி, அதாவது பொங்கல், முடிந்ததும் பெண்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய் ஆவாரம்பூப் பறித்துக் கும்மியடிக்கும் பூப்பறிக்கிற நோம்பியும் இருக்கிறது. அந்த நாளை இத்தனை தொடர்கள் விட்டுவைத்திருப்பது ஆச்சரியம்தான்.

அடுத்தது பேச்சு. கொங்குக் காதல் கதையின் பாதி ஜீவன் ‘ங்க’வில் இருக்கிறது. அது எப்போது ஒட்டுகிறது, எப்போது உதிர்கிறது என்பதை வைத்தே இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டிவிடலாம். ஒரு பனியன் கம்பெனியில் நடக்கிற கதை என்று வைத்துக்கொள்வோம். நாயகி அங்கே ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கிற டெய்லர். முதல் அத்தியாயத்தில் அவள் கேட்பது:

“ஏனுங்க, இந்தப் பண்டல ஆரு வெச்சுட்டுப் போனதுங்க?”

எட்டாவதில்:

“நேத்து வரலையாட்ட இருக்குதுங்க?”

பத்தொன்பதாவதில்:

“நேத்து ஏன் வரல?”

இந்த மூன்றாவது வரியில் ‘ங்க’ உதிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ‘அவள் மனம் அவனிடம் போய்விட்டது’ என்று ஒரு வரி எழுதினால் அது வீண். அவனுக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது என்று காட்டுங்கள், போதும். சண்டை வந்தால் இதைத் திருப்பிப் போடலாம். நெருங்கின பிறகு அவள் மறுபடி “சொல்லுங்க” என்று ஆரம்பித்தால், கதவைச் சாத்திவிட்டாள் என்று கொங்குக்காரர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வட்டாரச் சொல்லை உரையாடலில் வையுங்கள், விவரிப்பில் தூவாதீர்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று சொல் தாராளம்: வெடியால, பொழுதோட, ஒறம்பரை, பொடக்காளி, தாட்டி உடு. அதற்கு மேல் போனால் அகராதி மாதிரி ஆகிவிடும். அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போடுவதையும் விட்டுவிடுங்கள். “ஒறம்பரை வந்திருக்குது, சோத்துக்கு ஒல வெய்யி” என்றால் விருந்தாளி என்பது மதுரைக்காரருக்கும் புரியும். வயதையும் பாருங்கள். ‘அம்மிணி’, ‘கண்ணு’, ‘சாமி’ எல்லாம் பெரியவர்கள் வாயில் இயல்பாக வரும். இருபத்தைந்து வயதுப் பையன் நாயகியை ‘அம்மிணி’ என்று கூப்பிட்டால் அது கிண்டலாகத்தான் இருக்க முடியும், கிண்டலாகவே எழுதுங்கள்.

காதல் காட்சியில் பெரும்பாலோர் சறுக்குவது உவமையில். ‘அவள் கண்களில் ஆயிரம் நிலவு’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால் வாசகர் கையில் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் ஒரு பொருளை வையுங்கள். அதே பனியன் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். மெஷின் இரைச்சலில் பேச முடியாது, காலை 8.30க்கு உட்கார்ந்து இரவு 8.30 வரை ஒன்றரை ஷிப்ட், நடுவில் சாப்பாட்டு நேரமும் டீ நேரமும்தான். அவன் கொண்டுவந்து வைத்த பண்டலின் கட்டை அவிழ்க்கிறாள். பீஸுக்கு நடுவில் இரண்டு எலந்தவடை. யார் வைத்தது என்று நிமிர்ந்து பார்க்கிறாள், அவன் கட்டிங் டேபிள் பக்கம் திரும்பி நிற்கிறான், காதில் மட்டும் சிவப்பு. எலந்தவடையை எடுத்து டிபன் பைக்குள் போடுகிறாள், அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவ்வளவுதான் காட்சி. அதை எப்போது சாப்பிட்டாள் என்பதை ஐந்து அத்தியாயம் கழித்துச் சொல்லலாம். ஆதிக்க நாயகன் கையை ஓங்குவதும் கதவை உதைப்பதும் காதலுக்கு அடையாளம் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எலந்தவடைக்கு முன் அதெல்லாம் நிற்காது.

இனி எழுதும் பழக்கம். ஆங்கிலத்தில் சொல்கிற ‘ஒரு நாளைக்கு ஆயிரம் சொல்’ கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். ‘வந்துகொண்டிருந்தாள்’ நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு மூன்று. தமிழில் ஒரு நாளைக்கு 500 சொல் நல்ல இலக்கு. வாரத்துக்கு 6 நாள் என்றால் 3,000. ஆயிரம் சொல் அத்தியாயம் 30 எழுத 10 வாரம் ஆகும், திருத்த இன்னும் 3 வாரம். விக்டோரியா காலத்து நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் அஞ்சல் துறை வேலையில் இருந்துகொண்டே, அதிகாலை 5.30க்குக் கடிகாரத்தை முன்னால் வைத்து 15 நிமிடத்துக்கு 250 சொல் என்று எழுதினார். வெடியால பால் கறந்து ஊற்றுகிற வீட்டில் 5.30 கிடைக்காது. சமையல் முடிந்து பிள்ளைகள் கிளம்பிய பிறகு முக்கால் மணி நேரமோ, கம்பெனி வேனில் போகிற நேரமோ, எதுவானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். நிறுத்தும்போது காட்சியை முடிக்காமல் பாதியில் நிறுத்துங்கள். மறுநாள் வெள்ளைத் திரையைப் பார்த்து விழிக்க வேண்டியிருக்காது.

ஆங்கிலக் காதல் நாவலாசிரியர் பார்பரா கார்ட்லண்ட் சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார், நாவல்கள் 700ஐத் தாண்டின. நமக்கு அந்த உதவியாளர் போனில் இருக்கிறார், ஆனால் ‘வரலையாட்ட’ மாதிரி சொல் வந்தால் தடுமாறிவிடுவார். விவரிப்பை வாயால் சொல்லுங்கள், உரையாடலைக் கையால் தட்டுங்கள்.

சின்ன நோட்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். அதில் எண்ணங்களை எழுதாதீர்கள், காதில் விழுந்த வாக்கியத்தை விழுந்தபடியே எழுதுங்கள். ‘பஸ்ஸில் இருவர் சண்டை’ என்று குறித்தால் ஒரு மாதம் கழித்து அதனால் ஒரு பயனும் இல்லை. “நீங்க சொன்னாச் செரிங்க, ஆனா நான் வரலீங்க” என்று குறித்தால் அதிலிருந்தே ஒரு காட்சி வரும். அதைப் பேசின ஆளின் பெயர், ஊர், குடும்ப விவரம் கதைக்குள் வரக் கூடாது. சின்ன ஊர், கண்டுபிடித்துவிடுவார்கள்.

தொடராக வெளியிடுகிறவர்கள் 8 அத்தியாயம் கையில் இல்லாமல் முதலாவதைப் போடாதீர்கள். காய்ச்சல், ஒறம்பரை, நோம்பி எல்லாம் சேர்ந்தே வரும். கையிருப்பு 3க்குக் கீழே போனால் வாரத்துக்கு இரண்டு என்பதை ஒன்றாகக் குறைத்துச் சொல்லிவிடலாம். அவசரத்தில் எழுதிய அத்தியாயத்தில்தான் நாயகனின் ஸ்ப்ளெண்டர் திடீரென்று புல்லட் ஆகிவிடுகிறது.

அதற்காகவே ஒரு தனித் தாளில் எல்லோருக்கும் வயது, வண்டி, வேலை, யாருக்கு யார் என்ன முறை என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். முறைதான் அதிகம் தப்புகிறது. அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி, அப்பாவைப் பெற்றவர் அப்பாரு. நான்காவது அத்தியாயத்தில் அப்பாருவாக இருந்தவர் இருபதாவதில் அப்புச்சி ஆனால் தோட்டத்துப் பங்கே வேறு பக்கம் போய்விடும், நீங்கள் கட்டிய கிணற்றுத் தகராறும் அதோடு போய்விடும். திருத்தும் 3 வாரத்தில் முதல் வாரம் முழுக்க இதற்கே போகட்டும்.