கரிக்கோச்சியைப் பற்றி எழுதுவோர் விடும் தவறுகள்

இலங்கை மலையகத்தின் பழைய கரிக்கோச்சியை, அதாவது நிலக்கரி எரித்து ஓடிய நீராவி ரயிலைப் பற்றி யார் எழுதினாலும், அது மூச்சுவாங்கிக்கொண்டு மலை ஏறியதையே எழுதுகிறார்கள். ஏற்றம் கஷ்டம்தான், 44 அடி போனால் 1 அடி உயரும் பாதை. ஆனால் நெருப்பையும் தண்ணீரையும் கவனிக்கும் பயர்மன் பயந்தது ஏறி முடிக்கும் இடத்துக்கு. அதை விட்டுவிடுவதுதான் பெரிய தவறு.

புகைபோக்கி முன்னால் இருக்க எஞ்சின் ஏறும்போது பொயிலர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். தண்ணீர் நெருப்புப் பெட்டிப் பக்கம் சேர்ந்து, மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தாராளமாகத் தெரியும். பட்டிப்பொலவைத் தாண்டி, 6,200 அடிக்கு மேலுள்ள உச்சியிலிருந்து ஒஹிய பக்கம் இறங்கத் தொடங்கியதும் அதே தண்ணீர் முன்னால் ஓடிவிடும். இந்தச் சரிவில் 20 அடி நீளத்துக்கு இரு முனைக்கும் ஐந்தரை அங்குல வித்தியாசம் வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். நெருப்புக்கு நேர்மேலே உள்ள தகடு தண்ணீரில்லாமல் காய்ந்தால் இளகிவிடும், பொயிலரே வெடிக்கலாம். அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த திருகு வைப்பது இதற்காகத்தான். ஈயம் உருகினால் நீராவி நெருப்பின் மேல் பாயும். ஆக, ஏற்றத்தில் கண்ணாடி காட்டுவதை நம்பாமல், உச்சிக்கு முன்பே தண்ணீர் ஏற்றிவைக்க வேண்டும். அதிகம் ஏற்றினாலும் வம்பு: நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய்விடும்.

இறக்கத்தில் பயர்மனுக்கு ஓய்வு என்பார்கள். அதுவும் சரியில்லை. குழாயில் வெற்றிடம் இருந்தால்தான் வாக்குவம் பிரேக் விடுபட்டு நிற்கும்; அதற்காகக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சியதே நீராவிதான். நெருப்பை அணையவிட்டு இறங்க முடியாது.

ஊட்டி ரயிலைப் பார்த்தவர்கள் இங்கும் பல்சக்கரப் பாதை என்று எழுதிவிடுகிறார்கள். கிடையாது. பதுளைக் கோச்சி ஓடுவது ஐந்தரை அடி அகலப் பாதையில், வெறும் தண்டவாளப் பிடிப்பை நம்பி. சின்னப் பாதை, அதாவது அகலம் குறைந்த பாதை, வேறு; அது நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போனது, இப்போது இல்லை.

அப்புறம் வருடங்கள். நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894. பதுளைக்கு 1924இல்தான் கோச்சி வந்தது. 1890களில் தாத்தா பதுளையில் இறங்கினார் என்று குடும்பக் கதை எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்; பண்டாரவளைக்கு அப்பால் அவர் நடந்தோ வண்டியிலோதான் போயிருப்பார். கோப்பி ஏற்றவே நானுஓயாவுக்குப் பாதை போட்டார்கள் என்று மட்டும் எழுதுவதும் அரைகுறை. பாதை அங்கே எட்டுவதற்குள் இலைநோய் கோப்பியை அழித்துவிட்டது. கீழே இறங்கியது தேயிலைப் பெட்டிகள்.